வரவேற்புரையில் சிக்கிய பிஸ்டன்

“ப்ளாக் எழுதுற அண்ணன் நீங்கதானா?”

வெள்ளிக்கிழமை காலை பட்டறைக்கு வந்த பெண் கேட்டார். வாசகர் ஒருவர் நேரில் வந்துவிட்டாரே என்று பூரித்துத் தலையாட்டினேன்.

“உங்களாலதான் என் மெஷின் செத்துப்போச்சு.”

மலேசியாவின் அலோர் காஜாவில் புல்வெட்டு மெஷின் பழுதுபார்ப்பது என் தொழில். ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன். கூச்ச சுபாவம் வேறு. வாடிக்கையாளரிடம் பேசும்போதும் கார்புரேட்டரைத்தான் பார்ப்பேன். “வாயில வராததை எழுதுங்கப்பா” என்று மகள்தான் வலைப்பூ தொடங்கிக் கொடுத்தாள்.

எங்கள் பக்கத்துக் கோயில் விழாக்களில் சோறு ஆறும்வரை வரவேற்புரை நடக்கும். என்னிடம் யாரும் மைக் கொடுத்ததில்லை. அந்தக் குறையை வலைப்பூவின் முதல் பக்கத்தில் தீர்த்துக்கொண்டேன். நியாலாஸ் உறவுகளே, புக்கிட் ரம்பாய்த் தொழிற்சாலைச் சொந்தங்களே என்று ஊர் ஊராக அழைத்து, என் பிறப்பு, வளர்ப்பு, கழுத்தில் மாலையோடு நான் நிற்கும் படம், பிள்ளையார் படம் எல்லாம் போட்டேன். பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவு கடைசியில், என் குலதெய்வத்துக்கும் கீழே இருந்தது.

வந்தவர் நியாலாஸ் சாந்தி. அதுவரை கம்பெனி மெஷினில் புல் வெட்டியவர். அங்கே பெட்ரோலில் ஆயிலைக் கலந்தே கொடுப்பார்கள். இப்போதுதான் சொந்த மெஷின் வாங்கி, ஒரு பள்ளித் திடலைக் காண்ட்ராக்ட் எடுத்திருந்தார்.

“போனைத் தள்ளுறேன், தள்ளுறேன், நீங்க வணக்கம் சொல்லிக்கிட்டே இருக்கீங்க. டேட்டா முடிஞ்சிருச்சு லா! வெறும் பெட்ரோல ஊத்தி ஓட்டிட்டேன். நாளைக்குள்ள வெட்டலன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க.”

கழற்றிப் பார்த்தேன். ஆயில் இல்லாமல் உரசி பிஸ்டன் முழுக்கக் கீறல். அந்த அளவில் வேறு பிஸ்டன் கைவசம் இல்லை. என் சொந்த மெஷினை அவருக்கு இரவலாக எடுத்து வைத்து, அவர் கண்ணெதிரே ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு நாற்பது மில்லி டூ-டி ஆயில் கலந்தேன்.

“இவ்வளவுதானா? இத மொதல்ல போட்டா என்ன?”

“வர்றவங்களுக்கு ஒரு மரியாதை…” என்று கார்புரேட்டரிடம் சொன்னேன்.

“வீட்டுக்கு வந்தவளுக்கு மொதல்ல தண்ணி குடுங்கண்ணே. குடும்பக் கதைய அப்புறம் சொல்லலாம்.”

அன்று மாலையே முதல் பக்கத்தை அழித்தேன். பிள்ளையார் படத்தை எடுக்கும்போது மட்டும் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அங்கே இருப்பது இவ்வளவுதான்: “வாங்க. பெட்ரோல் கலக்கவா? ஸ்டார்ட் ஆகவில்லையா? புகை வருகிறதா?” ஒவ்வொன்றையும் தொட்டால் பதில் வரும். வரவேற்புரைக்குத் தனிப் பக்கம் உண்டு. இதுவரை இரண்டு முறை திறக்கப்பட்டிருக்கிறது. இரண்டு முறையும் நான்தான்.

சனிக்கிழமை மாலை சாந்தி திடலின் படத்தை அனுப்பினார். ஓரம்வரை சீராக வெட்டியிருந்தார். அடியில், “அடுத்த மாசமும் எனக்குத்தான்” என்று ஒரு வரி.

வலைப்பூ எழுத வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். புதிதாக வருகிறவர் நம்மைப் பார்க்க வருவதில்லை. அவருக்கு நாளைக்குள் முடிக்க ஒரு வேலை இருக்கிறது.