சென்னியம்மாள் வீட்டுக் கடலுக்கு முடி முளைத்தது

இது நூற்றுக்கு நூறு நடந்த விஷயம். நானே கண்ணால் பார்த்தேன். பார்க்காத இடங்களை மட்டும் கொஞ்சம் இழுத்து ஒட்டியிருக்கிறேன். பார்த்த இடங்களிலும் சப்பென்று இருந்தால் ஒரு கை உப்பைக் கூடுதலாகப் போட்டிருக்கிறேன். கடல் சம்பந்தப்பட்ட கதை, உப்பு இருந்தால் தப்பில்லை. ஆனால் ரொம்பவும் அளந்துவிட முடியாது. நான் இதைச் சொல்கிற பேக்கரி பெஞ்சில், கதைக்குச் சொந்தக்காரர் பாலுசாமியும் அவர் மச்சான் ஈஸ்வரமூர்த்தியும் ஆளுக்கொரு டீயோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாலுசாமிக்கு எங்கள் ஊரான கணபதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை. எரிந்து கரியாகிப் போன மோட்டாரும் அவர் செப்புக் கம்பியைச் சுற்றினால் எழுந்து ஓடும். செத்துப்போன ஒருவருக்கும் கம்பியைச் சுற்றிப் பார்க்கச் சொல்லி ஒரு குடும்பமே வந்து நின்றது என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான்.

அவர் மனைவி சென்னியம்மாள் காங்கேயத்துப் பக்கம் பிறந்தவர். அவருக்கு பஸ் ஆகாது. பிறந்த வீட்டுக்குப் போகக் காந்திபுரத்தில் ஏறினால் சிங்காநல்லூரில் வாந்தி, சூலூரில் வாந்தி, பல்லடம் வரும்போது அதைப் பார்த்துக் கண்டக்டரும் வாந்தி. கல்யாணமான புதிதில் கடலைக் காட்டுகிறேன் என்று பாலுசாமி அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மகள் காலேஜுக்குப் போகிற காலம் வந்தும் வாக்கு அப்படியே கிடந்தது. கடைசியில் தொண்ணூற்றாறாம் வருடம் ஒரு முடிவுக்கு வந்தார். சென்னியம்மாள் கடலுக்குப் போக முடியாதென்றால் கடல் கணபதிக்கு வரவேண்டியதுதான்.

வந்தது. பொன்னானியிலிருந்து உக்கடம் மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிவரும் அழகிரிசாமியின் லாரியில் கேன் கேனாகக் கடல்தண்ணீர் வந்து இறங்கியது. முன்னறையில் கட்டில் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. தண்ணீரைச் சுற்றிவிடப் பாலுசாமி தன் கையாலேயே ஒரு பம்பு செய்தார். கிணற்று மோட்டார் பார்த்துப் பழகிய கை. ஸ்விட்சைப் போட்டதும் தண்ணீர் எகிறி மேலே ஓடிய ஃபேனை நனைத்தது. அப்புறம் அதை அடக்கி, உக்கடத்தில் கலர் மீன் கடை வைத்திருக்கும் சாயிரா பானுவிடம் கடல் பாறைத் துண்டுகளும், நத்தைகளும், ஆரஞ்சு நிற மீன் ஒரு ஜோடியும், ஒரு கடல்தாமரையும் வாங்கி வந்தார். தாமரை என்றால் பூ இல்லை. பாறையில் காலை ஒட்டிக்கொண்டு, விரல் விரலாக விரித்து ஆடும் ஓர் உயிர். அந்த ஜோடி மீன் அதன் மடியிலேயே படுத்துக்கொள்ளும்.

சென்னியம்மாள் தொட்டிக்குப் பக்கத்தில் போனார். விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நெசமாலுமே உப்புங்க," என்றார்.

அவ்வளவுதான். அடுப்பில் இருந்த சோறு கரியாகும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் தாமரை முகத்தில்தான் விழிப்பார். பாலுசாமி முகம் இரண்டாவது.

வினை ஒறம்பரை வடிவத்தில் வந்தது. சொந்தக்காரர்கள் வீடு தேடி வந்தால் ஒரு சொம்புத் தண்ணீரும், சாப்பிட்டீர்களா என்ற கேள்வியும் முதலில் வர வேண்டும். தொட்டி வந்த பிறகு மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. வருகிறவர் கையில் ஒரு சிட்டிகை மீன் தீனியைக் கொடுப்பார் சென்னியம்மாள். ஒறம்பரை சாப்பிடும்போது மீன் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி? கணபதியே திரண்டு வந்து கடலைப் பார்த்தது. வந்தவர்கள் கொடுத்த தீனியைப் போட்டதோடு நிற்கவில்லை. பொரி போட்டார்கள், முறுக்கை நொறுக்கிப் போட்டார்கள். ஒரு பெரியவர் இட்லியைப் பிட்டுப் போட்டு, சட்னி வேண்டுமா என்று மீனைக் கேட்டதாகக்கூடச் சொல்வேன்.

ஒரு காலையில் சென்னியம்மாள் போட்ட சத்தத்தில் பட்டறையில் மூன்று மோட்டார் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் கடலுக்குத் தலைமுடி முளைத்திருந்தது. பச்சைப் பசேலென்று நூல் நூலாகப் பாசி. பாறை தெரியவில்லை, மணல் தெரியவில்லை. தாமரையைச் சுற்றிலும் பிடித்து நெரித்ததில் அது கொய்யாக்காய் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. மீன் இரண்டும் படுக்க மடி இல்லாமல் மூலையில் நின்றன.

பாலுசாமி பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பாறையைத் தேய்த்தார். தேய்த்த இடத்தில் மறு வாரமே இன்னும் அடர்த்தியாக முளைத்தது. முன்தலை வழுக்கையாகிவிட்ட நான் பொறாமையில் வெந்தேன். சென்னியம்மாள் சிரிக்கவில்லை. தாமரை செத்துப்போய்விடுமோ என்று தொட்டியைவிட்டு நகரவே இல்லை.

சாயிரா பானு நேரில் வந்து பார்த்தார். தண்ணீரைப் பார்க்கவில்லை, தீனி டப்பாவைத்தான் பார்த்தார். அது காலியாக இருந்தது.

"ஏனுங்கக்கா, மீன் தின்னது போக மிச்சமெல்லாம் எங்க போச்சுங்க? தண்ணிலதான கெடக்குது. தோட்டத்துல உரத்தக் கொட்டிப்போட்டு, களை வருதேன்னு கேக்கறீங்க."

சென்னியம்மாள் திண்டாடிப் போனார். இத்தனை நாளும் பாசியை வளர்த்தது தன் கைதான் என்பதை அவர் மனது ஏற்கவில்லை. ஆனாலும் சாயிரா பானு சொன்னபடி செய்தார். ஒறம்பரைக்குத் தீனி கிடையாது, மீனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரே ஒரு சிட்டிகை, புதுக் கடல்தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும், தொட்டி விளக்கைச் சீக்கிரமே அணைக்க வேண்டும். மீன் கண்ணாடியில் வந்து வாயைத் திறந்து மூடும்போதெல்லாம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார். பாசி மெல்ல மெல்ல வெளுத்தது. தாமரை இரண்டு விரலை நீட்டிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சியைப் பார்க்க வந்தார் ஈஸ்வரமூர்த்தி. காங்கேயத்தில் கிணறும் தோட்டமும் உள்ள மனிதர். தொட்டியைப் பார்த்ததும் மனது பொறுக்கவில்லை. கிணற்றில் பாசி பிடித்தால் மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து தண்ணீரில் தொங்கவிடுவது எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். கிணறு பளிச்சென்று ஆகிவிடும். தங்கச்சி உள்ளே அரிசியும் பருப்பும் சேர்த்த சோற்றுக்குத் தாளித்துக்கொண்டிருக்க, அண்ணன் கடைக்குப் போய் எலுமிச்சங்காய் அளவுக்கு நீலத் துத்தம் வாங்கிவந்து, கைக்குட்டையில் முடிந்து, பம்புக்குப் பின்னால் தொங்கவிட்டுவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. தங்கச்சி விடிந்ததும் பார்த்து மலைத்துப் போகட்டும் என்று இருந்தார்.

மலைத்துத்தான் போனார்கள். விடிந்தபோது தண்ணீர் கண்ணாடியைவிடக் கண்ணாடியாக இருந்தது. பாசி வெளுத்துத் தொங்கியது. நத்தைகள் பாறையைவிட்டு மணலில் மல்லாந்து கிடந்தன. தாமரை பிழிந்து போட்ட சாக்ஸ் மாதிரி வாயைப் பிளந்து சாய்ந்திருந்தது.

ஈஸ்வரமூர்த்தி மட்டும் முகமெல்லாம் பல்லாக நின்றார். "எப்படிங்க மாப்ளே? கெணத்துக்கே கேக்குது, இந்தக் கண்ணாடிப் பொட்டி எம்மாத்திரம்," என்று நீல முடிச்சைத் தூக்கிக் காட்டினார்.

பாலுசாமி பட்டறைக்கு ஓடிச் சாயிரா பானுவுக்கு போன் போட்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் அந்தக் குரல் கேட்டது.

"துத்தமுன்னா செம்புங்ணா. மீனு தாங்கிக்கும், தாமரை தாங்காது. கல்லு, மண்ணு எல்லாமே இந்நேரம் செம்பக் குடிச்சிருக்கும். இனி அந்தத் தொட்டில அது நிக்காதுங்க."

அவர் கடைத் தொட்டிகளிலும் மீன் சீக்குக்கு அதே மருந்தைத்தான் விடுவாராம், அதனால் தாமரையை அங்கேயும் வைக்க முடியாதாம். இனி ஓடுகிற கடல்தண்ணீர் ஒன்றுதான் வழி என்றார். பாலுசாமி போனை வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். பட்டறை முழுக்கச் செப்புக் கம்பி. அவருக்குச் சோறு போட்டது, அவர் வீட்டுக் கடலுக்கு விஷம்.

மீதமிருந்த கேன் தண்ணீரைப் பக்கெட்டில் ஊற்றித் தாமரையையும் மீன்களையும் அதில் விட்டார்கள். அழகிரிசாமியின் லாரி பொன்னானிக்குக் காலியாகத் திரும்பும் நேரம். பாலுசாமி பக்கெட்டைத் தூக்கப் போனார். சென்னியம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"உடுங்க. நானே கொண்டுபோயி உட்டுட்டு வாரேன்."

பஸ்ஸுக்கே ஆகாதவர் லாரியில் ஏறினார். க.க.சாவடி வருவதற்குள் தொடங்கிய வாந்தி வாளையாறைத் தாண்டிப் பாலக்காடு முழுக்கப் பாசனமானது. அந்த வருடம் அங்கே நெல் நன்றாக விளைந்ததற்கு வேறு காரணம் சொல்ல முடியாது. ஆனால் மடியில் இருந்த பக்கெட்டிலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை. அதில் நான் எதையும் கூட்டவில்லை. கூடப்போன பாலுசாமி சொன்னது.

பொன்னானியில் இறங்கினார்கள். எதிரே கடல். சென்னியம்மாள் அதைப் பார்க்கவே இல்லை. அலை அடிக்கிற பாறைகளைத்தான் பார்த்தார். பார்த்தபடி அசையாமல் நின்றுவிட்டார். பாறை முழுக்கப் பச்சைப் பசேலென்று நூல் நூலாகப் பாசி.

"ஏனுங்க," என்றார் மெதுவாக. "இதுக்கு யாருங்க இத்தன தீனி போட்டது?"

பிறகு முட்டிவரை சேலை நனைய இறங்கி, இரண்டு கல்லுக்கு இடையில் தாமரையை வைத்தார். மீன் இரண்டும் அதன் பக்கத்தில் ஒண்டின. வைத்த மறு நிமிடம் தாமரை விரிந்தது, குடை அளவுக்கு விரிந்தது.

நான் இப்படிச் சொல்லி முடித்ததும் பாலுசாமி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"விரியலீங்க. அலை மூடிருச்சு. விரிஞ்சுதா செத்துதான்னு எனக்கே தெரியாது."

"விரிஞ்சுதுன்னு எந்தங்கச்சி அம்மிணியே எங்கிட்டச் சொல்லுச்சுங்க மாப்ளே," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"நீங்க அழுததுனால அப்பிடிச் சொல்லியிருக்குமுங்க மச்சா. எலுமிச்சங்காய் அளவுத் துத்தத்துக்கு அப்பறம் எதுங்க விரியும்?"

"புளியங்கொட்ட அளவுதானுங்க. எலுமிச்சங்காய்ங்கறது இவனோட புளுகு."

"புளியங்கொட்டையா? முடிச்சை அவுத்தது நானுங்க."

"தீனி போட்டே பாதி கொன்னு வெச்சிருந்தது ஆருங்க? நானா?"

பாலுசாமி எழுந்துவிட்டார். ஈஸ்வரமூர்த்தியும் எழுந்தார். இட்லி போட்ட பெரியவர் பக்கத்து பெஞ்சில்தான் இருந்திருக்கிறார். சட்னி வேண்டுமா என்று தான் மீனைக் கேட்கவே இல்லை என்று அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கணபதியில் பாதி துத்தத்தின் பக்கமும் பாதி தீனியின் பக்கமும் பிரிந்து நிற்க, பேக்கரிக்காரர் கண்ணாடி டம்ளர்களை அவசர அவசரமாக உள்ளே எடுத்தார். ஈஸ்வரமூர்த்தி மட்டும் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்த கையை விடாமல், அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"விரிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க மாப்ளே."