மலையை மறைக்கச் சொல்லிக் கேட்டவன்

எனக்குப் பனியில் சறுக்கத் தெரியாது. ஐம்பது தாண்டிய ஒரு மன்னார்க்காரன் இதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லைதான். நாங்கள் வளர்ந்த காலத்தில் கண்ட ஒரே உறைபொருள் ஐஸ்பழம். ஆனால் தெரியும் என்று வருடக்கணக்காகச் சொல்லித் திரிந்தவன் நான். அதுவும் யாரிடம்? பாதி ஆயுளை நோர்வேயில் கழித்த அன்ரனிடம். எந்தக் குளிருக்குச் சறுக்குக் கட்டையில் எந்த மெழுகு பூச வேண்டும் என்று அவனுக்கே நான் விளக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

சென்ற ஞாயிறு பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் நான் சொன்ன சாட்சியத்தை எழுத்திலும் தரும்படி பங்குச் சுவாமியார் கேட்டார். நேரில் சொல்லும்போது உங்கள் முகங்களைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. ஆகவே இம்முறை ஒன்றையும் விடாமல் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் ஒரு படத்தில் தொடங்கியது. இங்கே சிசிலித் தீவில், பலெர்மோ நகரின் கடற்கரைப் பக்கமான மொண்டெல்லோவில் நான் வேலை செய்கிற வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் மகன் குடும்பத்தை ஒருமுறை மதோனியே மலைக்குக் காரில் ஏற்றிப் போனேன். அவர்கள் சறுக்கப் போக, நான் கார் நிறுத்துமிடத்தில் சாமான்களுக்குக் காவல் நின்றேன். திரும்பி வந்த பேத்தி விளையாட்டாகத் தன் தகப்பனின் கட்டைகளை என் காலில் மாட்டிப் படம் எடுத்தாள். அதை நான் பழைய பள்ளி நண்பர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். "மச்சான், கலக்கிறாய்" என்று ஒருவன் எழுதினான். அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. சிஞ்ஞோராவின் காலஞ்சென்ற கணவர் அலமாரி நிறைய மலைப் புத்தகங்கள் வைத்திருந்தார். தூசி தட்டும் சாட்டில் அவற்றைப் படித்தேன். படித்ததை அனுபவமாக எழுதினேன்.

இந்த மாசி மாதம் அன்ரன் ஒஸ்லோவிலிருந்தும் குகன் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வந்தார்கள். நாங்கள் மூவரும் யாழ்ப்பாணத்தில் சுவாமிமார் நடத்திய பள்ளி விடுதியில், எங்கள் வாயில் போடிங்கில், அடுத்தடுத்த கட்டில்களில் படுத்தவர்கள். குகன் சைவப்பிள்ளை. ஆனாலும் போடிங் விதிப்படி எங்களோடு விடியப்புறம் எழும்பி, கண்ணை மூடியபடி செபமாலைக்குப் பதில் சொன்னவன். இப்போது அவனுக்குக் கடுமையான நீரிழிவு. ஊசி போடுகிறான். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சீனி இறங்கி மயங்கிவிடுவான்.

வருவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டான். "கடற்கரை ஒண்டும் வேண்டாமடாப்பா. உன்ரை மலைக்குப் போவம். நெடுந்தூரச் சறுக்கு நானும் இப்ப பழகுறன். நீதான் எங்களைக் கூட்டிக்கொண்டு போகோணும்."

நெடுந்தூரச் சறுக்கு என்றால் மலையுச்சியிலிருந்து பாய்ந்து இறங்குவது அல்ல. மெல்லிய நீளக் கட்டைகளில், காட்டுக்குள்ளே, பாதி நடையும் பாதி வழுக்கலுமாகப் போவது. சுலபம் என்று நானே பலமுறை எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடச் சிரிப்போடு முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக நான் நவநாள் தொடங்கினேன், ஒன்பது நாள் மன்றாட்டு.

எங்கள் செபக்குழு பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் வீடு வீடாகக் கூடுவது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் "ஒரு விசேட கருத்துக்காக" என்று சொன்னால் அது என்ன என்று எவரும் துருவிக் கேட்பதில்லை. கேட்காமலே எல்லோரும் முழங்காலில் இருந்து மன்றாடுவார்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாத துன்பத்துக்கு இவ்வளவு மரியாதை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த மரியாதையைத்தான் நான் களவெடுத்தேன்.

பிலோமினா அக்கா மட்டும் வாசலில் செருப்பு மாட்டும்போது மெல்லக் கேட்டார்.

"தம்பி, கருத்து கொஞ்சம் பாரமானதோ?"

"வெளியிலை சொல்லக்கூடியது இல்லை அக்கா."

"ஐயோ, சொல்ல வேண்டாம், சொல்ல வேண்டாம். நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

அடுத்த ஞாயிறு, முழங்கால் தேய்ந்த அந்த மனுசி நகருக்கு மேலேயுள்ள பெல்லெக்ரினோ மலைக்கு வெறுங்காலோடு ஏறினார், நகரின் பாதுகாவலியான சாந்தா ரொசாலியாவின் குகைக் கோவிலுக்கு. நகரின் இன்னொரு பகுதியான போர்கோ வெக்கியோவிலிருந்து இரண்டு சைவப் பெண்களும் கூடப் போனார்களாம். எல்லாம் என் விசேட கருத்துக்காக.

அந்தக் கருத்து இதுதான். செபக்குழுவில் நீளமான செந்தமிழ்ச் செபத்துக்குப் பெயர் போனவன் நான். தனியே இருந்து அழகாகவே கேட்டேன்: "ஆண்டவரே, அந்த மலையை என் நண்பர்களின் கண்களுக்கு மறைத்தருளும்." மழையா, மண்சரிவா, வழியடைப்பா, முறையை உம்முடைய சித்தத்துக்கே விட்டுவிடுகிறேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவ்வளவு பெருந்தன்மை.

போன நாள் வானம் கழுவித் துடைத்தது போல இருந்தது. மலை முழுக்க நல்ல பனி. கட்டைகளை வாடகைக்கு எடுத்தோம். என் காலில் மாட்டியதும் ஒரு கால் பலெர்மோவுக்கும் மற்றது தீவின் மறுபக்கக் கத்தானியாவுக்கும் புறப்பட்டது. நான் நின்ற இடத்திலேயே குந்திவிட்டேன்.

"பூட்டுச் சரியில்லை. வாடகைக்கு எடுக்கிறதெல்லாம் இப்பிடித்தான்," என்றேன்.

அன்ரனுக்கும் சப்பாத்து அளவில்லை. மாற்றிக்கொண்டு வருவதாகக் கடைக்குத் திரும்பினான். குகன் குளிரில் கைகளை உரசிக்கொண்டு நின்றான்.

"மச்சான், நான் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கிறன். எந்தப் பக்கம்?"

நான் ஊன்றுகோலை நீட்டி, மரங்களுக்கிடையே ஒரு திசையைக் காட்டினேன். "இப்பிடியே போ. பாதை ஒரு சுத்துச் சுத்தி இஞ்சைதான் வந்து முட்டும்."

"பையைக் கொண்டு போகவோ?"

அந்தப் பையில்தான் அவனுடைய பிஸ்கட்டும் குளுக்கோசும் இருந்தன.

"அதெல்லாம் எதுக்கு? கிட்டத்தான். காரிலை விட்டிட்டுப் போ."

அந்தப் பாதை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. நான் கார் நிறுத்துமிடத்தைத் தாண்டியவனே இல்லை. வாயில் வந்தது, சொன்னேன். அவன் நம்பிப் போனான்.

பிறகு மூடுபனி வந்தது. ஊர்ந்து வரவில்லை. சீலையால் மூடியது போல ஒரேயடியாக வந்தது. மலை இல்லை, மரங்கள் இல்லை, பக்கத்தில் நின்ற கார்கூட இல்லை. அந்த நேரம் என் மனதில் முதலில் வந்தது பயம் அல்ல. சந்தோசம். இதை எழுதக் கை கூசுகிறது. "கேட்டருளினீரே" என்று நான் சிலுவை அடையாளம் போட்டேன். போட்டு முடிக்கும்போதுதான் குகன் உள்ளே இருக்கிறான் என்பது உறைத்தது.

அன்ரன் தட்டுத்தடவி வந்து சேர்ந்தான். "குகன் எங்கை?"

"சுத்திக்கொண்டு வாறான். இப்ப வந்திடுவான்."

காத்திருந்தோம். வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். பதில் இல்லை. அவனுடைய தொலைபேசி சிக்னல் இல்லாமல் கிடந்தது.

"சாப்பாடு கொண்டு போனவனோ?" என்று அன்ரன் கேட்டான். நான் காரைப் பார்த்தேன். கார் தெரியவில்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அன்ரன் கட்டைகளை மாட்டினான். "நான் மற்றப் பக்கத்தாலை போய் எதிர்ப்படுறன். பாதை எதிலை வந்து ஏறுது?"

நான் கையைத் தூக்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், இன்னொரு பொய்த் திசையைக் காட்டக் கை தானாக எழும்பியது. அப்போதுதான் வாழ்நாளில் முதல் தடவையாக அலங்காரம் இல்லாமல் மன்றாடினேன். "ஆண்டவரே, என் வாயைத் திற." அவ்வளவுதான்.

"அன்ரன், எனக்குத் தெரியாது. பாதையும் தெரியாது, சறுக்கவும் தெரியாது. எல்லாம் பொய். நான்தான் அவனை அனுப்பினனான். பையையும் நான்தான் விட்டிட்டுப் போகச் சொன்னனான்."

அவன் கத்துவான் என்று நின்றேன். அவன் கட்டைகளைக் கழற்றினான்.

"மெழுகைப் பற்றி எனக்கே பாடம் எடுத்தனியேடா," என்றான். பிறகு அவசர உதவிக்கு அழைத்தான். வருகிறோம், ஆனால் இந்த மூடுபனியில் வந்து சேரச் சுணங்கும், நேரம் எடுக்கும் என்றார்களாம். குனிந்து பனியைப் பார்த்தான். குகனுடைய கட்டைத் தடம் மெல்லியதாக இருந்தது. காற்று அதை அழித்துக்கொண்டிருந்தது.

"நான் தடத்தைப் பிடிச்சுக்கொண்டு போறன். இந்தப் பனிப்புகாருக்குள்ளை திரும்பி வர எனக்கு உன்ரை சத்தம் வேணும். அசையாமல் நிண்டு சத்தம் போடு. நிப்பாட்டாதை."

எதிர்ப்பக்கத்தால் போயிருந்தால் அந்தத் தடம் அழிந்திருக்கும். என் பொய்க்கு இன்னும் கொஞ்சம் ஆயுள் கிடைத்திருந்தால் குகனுக்கு ஆயுள் இருந்திருக்காது.

என்ன சத்தம் போடுவது? "குகன், குகன்" என்று கத்திப் பார்த்தேன். அழுகை வந்தது. பிறகு எனக்குப் பழக்கமான ஒரே உரத்த வேலையைச் செய்தேன். புனிதர்களின் பிரார்த்தனையைத் தொடங்கினேன். ஒழுங்கு மறந்துபோயிற்று. மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் வரை எனக்குத் தெரிந்த கோவில்களின் பாதுகாவலர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். புனித அந்தோனியாரே. புனித செபஸ்தியாரே. புனித யாகப்பரே.

தூரத்தில், இடது பக்கப் பள்ளத்திலிருந்து, நித்திரைக் குரலில் ஒன்று வந்தது.

"...எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

மறுபடி ஒரு புனிதர். மறுபடி அதே பதில், போடிங்கில் விடியப்புறம் கேட்ட அதே இழுவை. "அன்ரன், இடது பக்கம், கீழை!" என்று கத்திவிட்டுத் தொடர்ந்தேன். புனிதர்கள் முடிந்துபோனார்கள். சாந்தா ரொசாலியாவை மூன்று நான்கு தரம் கூப்பிட்டேன். கடைசியில் இன்னும் புனிதராகாத எங்கள் போடிங் சுவாமியையும் சேர்த்தேன். அதற்கும் பதில் வந்தது. பிறகு பதில் நின்றுவிட்டது. அந்த இடைவெளியில் நான் என்ன ஆனேன் என்பதை எழுத எனக்குத் தமிழ் போதாது.

பிறகு அன்ரனின் குரல். "பிடிச்சிட்டன். கத்திக்கொண்டே இரு."

ஒரு மரத்தடியில் குகன் சாய்ந்து கிடந்திருக்கிறான். அன்ரன் தன் சட்டைப்பையில் இருந்த சொக்லேற்றை அவன் வாயில் ஊட்டி, கொஞ்சம் தெளிந்ததும் தோளில் தாங்கிக் கொண்டுவந்தான். உதவிக்காரர் வரும்போது குகன் காருக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு இரண்டாவது பிஸ்கட் பக்கற்றை உடைத்துக்கொண்டிருந்தான்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டது கேட்கேல்லையோடா?" என்றேன்.

"கேட்டது மாதிரித்தான் இருந்தது. போடிங்கிலை பேர் சொல்லிக் கூப்பிட்டால் அடி வாங்கத்தானே? பேசாமல் கிடந்தன். பிறகு செபம் தொடங்கிட்டுது. பதில் சொல்லாட்டில் அதுக்கும் அடி."

நான் அழுதேன். பொய்யைச் சொன்னேன், நவநாளைச் சொன்னேன், மலையை மறைக்கச் சொல்லி வேண்டியதையும் சொன்னேன். குகன் மென்றுகொண்டே சொன்னான்.

"உனக்குச் சறுக்கத் தெரியாதெண்டு அந்தப் படத்திலையே விளங்கினது மச்சான். கட்டை ரெண்டும் முன்பின் மாறிக் கிடந்தது. பாதையாவது உனக்குத் தெரியுமெண்டு நம்பினன். நீ எப்பவாவது சொல்லுவாய் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனாங்கள்."

உறவுகளே, என் இரண்டு மன்றாட்டும் கேட்கப்பட்டன. முதலாவதை நினைத்தால் இன்றும் பூசையில் தலை நிமிர முடியவில்லை. இரண்டாவதை நினைத்தால் தலை தானாகத் தாழ்கிறது. என் நண்பன் உயிரோடு இருக்கிறான். நேற்றும் ரொறன்ரோவிலிருந்து அழைத்து என்னைக் கேலி செய்தான். அந்தக் கேலிக்காக ஆண்டவருக்கும் மாதாவுக்கும் நன்றி.

வட்ஸ்அப் குழுவில் உண்மையை எழுதிவிட்டேன். என் செபங்கள் குறுகிவிட்டன. அதற்காகவும் சிலர் ஆண்டவருக்கு நன்றி சொல்வதாகக் கேள்வி. உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் பாரம் எவ்வளவு வெட்கமானதாக இருந்தாலும் அவரிடம் அப்படியே கொண்டு போங்கள். சோடித்துக் கொண்டு போகாதீர்கள். நான் அவரிடம் மறைவிடம் கேட்டேன். பயந்து வாயைத் திறந்தபோதுதான் உதவி கிடைத்தது. நம்பிச் சொல்லுங்கள், அவர் தாங்குவார்.

மண்டபத்தில் இதைச் சொல்லி முடித்ததும் நேரே பிலோமினா அக்காவிடம் போனேன். அவருடைய முழங்காலைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். உங்கள் எல்லோரின் மன்றாட்டையும் மூடுபனிக்காகச் செலவழித்துவிட்டேன் என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அது எங்கடை மன்றாட்டாலை வந்த பனிப்புகார் இல்லைத் தம்பி," என்றார். "வெளியிலை சொல்லேலாது எண்டு நீர் சொன்னபடியால், நாங்கள் எல்லாரும் உமக்கு மூலவியாதி எண்டெல்லோ நினைச்சு மன்றாடினனாங்கள். அது இப்ப எப்பிடி இருக்கு?"