ஏழாவது துணுக்கு

இன்டர்நெட் கம்பெனி கொடுத்த பெட்டியை எடுத்துவிட்டு, ஃபைபர் லைனை நேராக என் ரூட்டரிலேயே செருக வேண்டும் என்பது என் பிடிவாதம். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்த லைன்மேன் மறுக்கவில்லை. "அச்சா சார், பண்ணிடலாம். முனைய மட்டும் மாத்தணும்" என்றார். டெல்லியிலேயே பிறந்த தமிழர். ஒல்லியான உடம்பு, நெற்றிக்கு ஏற்றிவிட்ட மூக்குக் கண்ணாடி.

லைனுக்குள் இருப்பது தலைமுடி போல மெல்லிய கண்ணாடி இழை. புது முனை சரியாக உட்காரும்வரை அதைத் திரும்பத் திரும்ப வெட்டினார். வெட்டிய ஒவ்வொரு துணுக்கையும் ஒரு கறுப்பு டேப்பில் ஒட்டிக்கொண்டே வந்தார்.

ரூட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. என்னைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. அவரோ டேப்பில் இருந்த துணுக்குகளை எண்ணிவிட்டு, ரூட்டர் இருந்த மூலையில் மண்டியிட்டார்.

"ஏழு தடவ வெட்டினேன் சார். ஆறுதான் இருக்கு."

"விடுங்க, பெருக்கிக்கறோம்."

"பெருக்கினா வராது. பச்சா தவழுதுல்ல?" பக்கத்து அறையிலிருந்த என் மகளைப் பார்த்தபடி வெறும் உள்ளங்கையால் தரையைத் தடவினார்.

"கையில ஏறிடப் போகுது."

"என் கையில ஏறினா நான் சொல்லிடுவேன் சார். பாப்பாவுக்குச் சொல்லத் தெரியாதே."

எனக்கு மீட்டிங் இருந்தது, எரிச்சலோடு நின்றேன். கால் மணி நேரம் போயிருக்கும். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். கட்டைவிரலில் ஒரு பொட்டு ரத்தம்.

"மில் கயா! கிடைச்சிடுச்சு சார்" என்று முகம் மலரச் சிரித்தார்.

மகள் இப்போது அந்த மூலையில்தான் நடை பழகுகிறாள், வெறுங்காலோடு.