ஒரு வாளி ஈரம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்னும் ஊரிலுள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கம் துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாது. சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை பூக்கும். தலையணையைத் தொட்டால் கையில் ஈரம் ஒட்டும். அப்படி ஓர் அறையில்தான் என் ஆறு வயது மகள் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். மருந்து மட்டும் போதாது, அறை உலர்ந்து இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

என் தம்பி தன் கடையைக் காலி செய்தபோது மிஞ்சிய பழைய ஏசியைக் கொடுத்தான். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி அது பஸ் கூரையிலிருந்து இறங்கியபோது ஊரே சிரித்தது. ஸ்வெட்டர் போடுகிற ஊரில் ஏசியா என்று கேட்காத ஆள் இல்லை. என் மாமனார் ஒருபடி மேலே போய், "இதைப் பாக்கறதுக்கு டிக்கெட்டு போடலாம் கண்ணு" என்றார். சிரிப்பவர்களுக்கு என்ன, மூச்சுக்குத் தவிப்பது என் பிள்ளை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் பாய் வந்து மாட்டினார். மலையில் இது எதற்கு என்று அவரும் கேட்கவே, "எனக்குப் புழுங்குதுங்க" என்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் ஏசியைப் பதினாறு டிகிரியில் வைத்தேன். பூட்டிய அறையில் மூச்சு முட்டும் என்று எங்கள் வீட்டில் எல்லோரையும் போல நானும் நம்பியதால், ஜன்னலை ஒரு சாண் திறந்தே வைத்தேன். நாலாம் நாள் சுவரில் தண்ணீர் வழிந்தது. மகள் நடுங்கினாள், இழுப்பும் கூடியது. ஊரோடு மல்லுக்கு நின்று என் பிள்ளையை நானே வதைத்துவிட்டேனே என்று அழுதேன்.

வெட்கத்தை விட்டு பாய்க்கு போன் செய்து, ஏசி மகளின் இழுப்புக்காகத்தான் என்ற உண்மையைச் சொன்னேன். அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல தங்கச்சி? ஜன்னலைத் தொறந்து வெச்சா மலையில இருக்கற ஈரத்தையெல்லாம் இதுவா உறிஞ்சும்? உங்களுக்குக் குளிரு வேண்டாம், ஈரம் போனாப் போதும்" என்று திட்டினார். ஏசியை ஈரம் மட்டும் இழுக்கும்படி மாற்றினார். வெளியே தாழ்வாரத்தில், மழை படாத இடத்தில், தண்ணீர் சொட்டும் ஏசிக் குழாயின் அடியில் ஒரு வாளி வைக்கச் சொன்னார்.

அவர் போனதும் ஜன்னலைச் சாத்தி ஆணி அடித்தேன். பேத்தியை அடைத்துப் போடுகிறாயா என்று மாமனார் கத்தினார். "ரெண்டு நாள் குடுங்க மாமா. அப்பறம் நீங்களே ஆணியைப் புடுங்குங்க" என்றேன். அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் நாள் காலை, நிறைந்த வாளியைத் தூக்கிவந்து அவர் காலடியில் வைத்தேன். "இது மழைத்தண்ணி இல்லீங்க மாமா. அந்த ரூம்பு காத்துல இருந்தது. இதைத்தான் நம்ம புள்ள மூச்சுல இழுத்துட்டு இருந்தா."

அவர் குனிந்து வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போய், இழுப்பில்லாமல் தூங்கிக்கொண்டிருந்த பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆணியை அவர் தொடவே இல்லை.

இன்றும் ஊரில் என்னை 'ஏசிக்காரி' என்றுதான் கேலி செய்கிறார்கள். தாராளமாகச் செய்யட்டும். வீம்பு பிடித்ததற்காக நான் வருந்தவில்லை, உதவ வந்தவரிடமே அதைக் காட்டியதற்காகத்தான் இன்றைக்கும் வருந்துகிறேன்.