தண்டல் மகன்

போன வருசம் வரைக்கும் எங்க வீட்டுக்காரருக்கு வட்டிக்காரங்களைக் கண்டாலே ஆகாது. எவனாவது கக்கத்துல பையோட பைக்குல வந்துட்டா போச்சு. அவன் எந்த ஊரு, அவன் அப்பன் யாருன்னு விசாரிச்சுட்டு வந்துதான் சோத்துல கை வைப்பாக. கிறுக்குன்னு நெனைச்சுராதீங்க. அவுக, பெத்த அப்பனைத் தேடுனாக. கண்டுபிடிச்சா செவுட்டுல ஒண்ணு விடணும், அதுதான் ஆசை.

என் மாமியார் சண்முகத்தாய்க்கு இந்த விளாத்திகுளம்தான். தூத்துக்குடி உப்பளத்துக்கு வேலைக்குப் போனவ, வயித்துல புள்ளையோட திரும்பி வந்தா. ஆளு யாருன்னு கேட்டா ஒரே பதில்தான்: "தண்டல். நல்ல மனுசன். வருவாரு." எங்க ஊர்ல தண்டல்னா வீடு வீடாப் போயி தினவட்டி வசூல் பண்ணுதது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? தண்டல்காரன் ஏமாத்திட்டுப் போனவன்னு பேரு கட்டிட்டாளுவ. "யாரு பேருக்குளா இந்தப் பொட்டு?"ன்னு குழாயடியில வச்சுக் கேட்டாளுவ, நாசமாப் போறவளுவ. அவ பொட்டை அழிக்கல. மகனுக்கு விவரம் தெரியதுக்கு முன்னாலயே, அந்தப் பொட்டோட மஞ்சக்காமாலையில போயிட்டா. எங்க வீட்டுக்காரரு சித்தி வீட்டுல, ஊர்ப் பேச்சைக் கேட்டு வளந்தாக.

அம்மா படத்தை வீட்டுல மாட்ட விட்டதே இல்ல. "ஏமாந்த கழுதை"ம்பாக. சொல்லிட்டு அன்னைக்குப் பூரா சோறு எறங்காது. நான் படத்தை அடுப்படியில ஒளிச்சு வச்சு, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை குங்குமம் வைப்பேன்.

போன வருசம் தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கு லாரியில வெங்காய லோடு ஏத்திட்டுப் போனாக. மாலத்தீவுக்குப் போற தோணி. மூட்டை எறக்கையில ஒருத்தன் கத்துதான்: "ஏலே, தண்டல் வாராரு, வழி விடுங்கலே!" இவுகளுக்கு ரத்தம் கொதிச்சிட்டு. "இங்கனயும் வட்டிக்காரனா?"ன்னு மல்லுக்கு நின்னுருக்காக. தோணிக்காரங்க சிரிச்ச சிரிப்பு அடங்கலையாம். "அண்ணாச்சி, தண்டல்னா தோணிக்குத் தலைவரு. தோணியை ஓட்டிட்டுப் போறவரு."

அவுக மூட்டை மேலயே உக்காந்துட்டாக. அன்னைக்கு வீட்டுக்கு வந்து, "ஏளா செல்வி, எங்கம்மா சரியாத்தான் சொல்லிருக்கா"ன்னு சொன்னது இன்னும் என் காதுல கெடக்கு.

மறுநாளே ரெண்டு பேரும் தூத்துக்குடிக்குப் போனோம். கேட்டுக் கேட்டு, ஜெஸ்டின்னு ஒரு பழைய தோணிக்காரர் வீட்டு வாசல்ல போயி நின்னோம். பெரியவருக்குக் கண்ணு மங்கல். "உப்பளத்துச் சண்முகத்தாய்"னு இவுக சொல்லி முடிக்கல, அவரு எந்திரிச்சு வந்து இவுக மொகத்தைத் தடவுனாரு. "தேவதாசன் தண்டல் மகனா?"

கொழும்புக்கு ஒரு நடை போயிட்டு வந்ததும் அவ ஊருக்குப் போயிப் பொண்ணு கேக்கணும்னு சொல்லிட்டுத்தான் தேவதாசன் கெளம்பிருக்காரு. காய்ச்சல்னு ஜெஸ்டின் மட்டும் கரையில நின்னுட்டாரு. புயல்ல தோணியும் வரல, ஒரு ஆளும் வரல. சேதி சொல்ல ஜெஸ்டின் உப்பளத்துக்கு ஓடிருக்காரு. அவ அதுக்குள்ள ஊருக்குப் போயிட்டா. எந்த ஊருன்னு அங்கன ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல.

"நான் பொறக்கும்போதே அவரு இல்லையா?"ன்னு இவுக கேட்டாக.

"நீ பொறக்கதுக்கு முன்னாலயே போயிட்டாரு மக்கா. சின்ன வயசு."

பஸ்ல வரும்போது, "அடிக்கணும்னுலா தேடுனேன் செல்வி, நம்ம மூத்தவன் வயசுலா அவருக்கு"ன்னு தேம்பித் தேம்பி அழுதாக, பாவி மனுசன். எனக்கும் தாங்க முடியல. ஊரைத் திட்டிக்கிட்டே நானும் அழுதேன்.

வந்த ஆடி அமாவாசைக்குக் கடல்ல எறங்கி எள்ளும் தண்ணியும் விட்டாக. அப்பா வேதக்காரரா, சர்ச்சுக்குப் போறவரா இருந்தா என்ன, மகன் விடுத தண்ணிதான. ஐயரு அப்பா பேரைக் கேட்டதும், "தேவதாசன், தண்டல்!"னு பக்கத்துல நின்னவங்க திரும்பிப் பாக்குத அளவுக்குச் சத்தமாச் சொன்னாக.

வீட்டுக்கு வந்து அம்மா படத்தை நடுவீட்டுல அவுகளே மாட்டுனாக. நான் குங்குமச் சிமிழோட போனேன். வெரலு நெத்திக்கிட்ட போயி நின்னுட்டு. புருசன் செத்தது தெரிஞ்சாச்சு, எள்ளும் தண்ணியும் விட்டாச்சு. இனி அவளுக்குப் பொட்டு வைக்கலாமா?

அவுக பாத்துட்டாக. "வை செல்வி"ன்னாக. "எங்கம்மாவுக்கு, அவ சாகுத வரைக்கும் அவரு வந்துகிட்டுத்தான இருந்தாரு."