இரண்டு மேசைகளின் போர்

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். இன்றைக்கு நியூசிலாந்தில், பென்ரோஸ் என்ற இடத்தில் சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளைப் பழுதுபார்க்கும் யார்டு என் சொந்தம். பக்கத்து எல்லர்ஸ்லியின் அலுவலகங்களில் கண்ணாடி அறைக்குள் இருக்கும் பட்டதாரிகளும் அவசரம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெருமை என்றால் பெருமைதான், ஆனால் உண்மை. உலகப் போரில் ஒரு நாடு இன்னொரு நாட்டின்மீது ஏன் போர் அறிவிக்கிறது என்பதும் எனக்கு இந்த யார்டில்தான் புரிந்தது.

சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர் மதுரைக்காரர். வெஸ்ட்கேட்டில் புது வீடு வாங்கி, கிரகப்பிரவேசத்துக்கு எல்லோரையும் வாட்ஸ்அப்பிலேயே அழைத்துவிட்டார். மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், யார்டு தொடங்கிய நாள் முதல் என்னோடு இருப்பவர். அவர் போகவில்லை. காரணம் கேட்டேன்.

“வீட்டை வந்து என்ர மனுசியிட்ட ஒரு சொல்லுச் சொல்லாமல், போனில படம் அனுப்பினா அது அழைப்போ அண்ணை?”

ஓட்டுநரும் விடவில்லை. “நூறு வீட்டுக்குக் குங்குமத் தட்டைத் தூக்கிட்டு அலைய முடியுமாண்ணே? வராதவரு வராமலே இருக்கட்டும்.”

மறுநாள் மேற்பார்வையாளர் தனி மேசையில் சாப்பிட்டார். கூடவே அவர் மச்சான். ஓட்டுநரின் ஊர்க்காரர்கள் எதிர் மேசை. வாரக் கடைசிக்குள் யார்டின் பதின்மூன்று பேரும் பிரிந்துவிட்டார்கள். எவரோடும் சண்டையில்லாத மலேசியக்காரர்கூடச் சாப்பாட்டுப் பெட்டியோடு யாழ்ப்பாண மேசைக்குப் போனார்.

“உனக்கு டிரைவர் என்னய்யா பண்ணாரு?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் பண்ணல லா, பாஸ். வேலை இல்லாதப்ப என்னை இங்க சேர்த்துவிட்டது இவருதானே. இவர விட்டுட்டு அங்க உக்காந்தா நல்லாவா இருக்கும்?”

அன்று மாலையே மேற்பார்வையாளர் என் அறைக்கு வந்தார். “நீங்கள் ஆரின்ர பக்கம் எண்டு சொல்லிப்போடுங்கோ அண்ணை. இல்லாட்டி நான் வேற இடம் பாக்கிறன்.” அவர் இல்லாத யார்டை நான் நினைத்தே பார்த்ததில்லை.

அந்த வாரம்தான் போர் நினைவு நாள் வந்தது. பக்கத்து யார்டு வெள்ளைக்காரப் பெரியவர் தன் தகப்பனாரின் இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களை வலது மார்பில் குத்திக்கொண்டு நின்றார். ஜெர்மனி உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கிறதே, நியூசிலாந்தை என்ன செய்தது என்று கேட்டேன்.

“எங்களை ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் செய்தது அநியாயம், அது வேறு. பிரிட்டன் இறங்கியது, நாங்களும் இறங்கினோம். எங்கள் வெண்ணெயை வாங்கியது அவர்கள், கடலில் எங்களுக்குக் காவலும் அவர்கள். அவர்கள் வீழ்ந்தால் நாளைக்கு எங்களுக்கு யார் வருவார்கள்?”

பிரிட்டன் இறங்கியதுகூடப் போலந்துக்குக் கொடுத்திருந்த வாக்கினாலாம். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. என் யார்டில் கோபம் இரண்டே பேருக்கு. மற்றவர்களை மேசை மாற்றியது நன்றி, உறவு, நாளைக்குத் தனியாக நிற்க நேருமோ என்ற பயம். நாடுகளைத் திருத்த நான் யார்? இரண்டு பேரை என்னால் சமாளிக்க முடியும்.

‘உன்னால அவரு வேலையை விட்டுப் போகப்போறாரு’ என்று சொல்லி, ஓட்டுநரைக் காரில் ஏற்றிக்கொண்டு மேற்பார்வையாளர் வீட்டுக்குக் கிளம்பினேன். தட்டில் பழம், வெற்றிலை, குங்குமம்.

“முடிஞ்சுபோன விசேஷத்துக்கு எப்படிண்ணே அழைக்கிறது?”

“இன்னொரு தடவை பால் காய்ச்சு. வீடு எங்கயும் ஓடிடாது.”

மேற்பார்வையாளரின் மனைவி கதவைத் திறந்தார். ஓட்டுநர் தட்டை நீட்டினார். “அக்கா, ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வரணும். மொதல்லயே வந்து சொல்லாதது என் தப்புதான்.”

“குடிபூரல் முடிஞ்செல்லோ போச்சு?”

“நீங்க வராம அது எப்படிக்கா முடிஞ்சதாகும்?”

அவர் சிரித்துவிட்டு விரலில் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து கணவர் தொண்டையைச் செருமினார். “நிண்டுகொண்டே கதைக்கிறது? தேத்தண்ணி போடுமன்.”

ஞாயிற்றுக்கிழமை வெஸ்ட்கேட் வீட்டில் மறுபடியும் பால் பொங்கியது. நாங்கள் அழைத்தது ஒரு வீட்டை. வந்து நின்றதோ யார்டின் அத்தனை குடும்பங்களும். மேற்பார்வையாளர் புதுச் சுவரைத் தட்டிப் பார்த்து, “பெயின்ட் அடிச்சவன் வேலை தெரியாதவன்” என்றார். “அடிச்சதே நான்தாங்க” என்று ஓட்டுநர் மல்லுக்கு நின்றார். இருவரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் மூன்றாவது வடையை எடுத்தேன்.