தோற்பதற்குச் சம்பளம்

சண்டை வருவதற்கு முன்னால் எனக்குத் தோற்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். கேட்டால் சிரிப்பீர்கள். மலாயாவில் ரெம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களின் வெள்ளைக்காரத் துரைமாருக்கென்று ஒரு கிளப் இருந்தது. டென்னிஸ் ஆட ஜோடி கிடைக்காத துரைக்கு எதிரே நின்று ஆடும் சம்பள ஆட்டக்காரன் நான். மார்க்கர் என்பார்கள். பந்து துரையின் வலது கைக்கு வாகாகப் போய் விழ வேண்டும். அவர் ஓடக் கூடாது, ஆனால் ஓடி ஓடி ஆடியதாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஐந்துக்கு ஐந்து வரை இழுத்துக்கொண்டு போய், கடைசியில் மயிரிழையில் தோற்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன்.

வருஷத்துக்கு ஒருமுறை சிரம்பானில் மார்க்கர்களுக்குள்ளேயே போட்டி வைப்பார்கள். எட்டுப் பேரில் நான் ஏழாவது, நல்ல வருஷமாக இருந்தால் ஆறாவது. எதிரே நிற்பவன் துரை இல்லை, என்னைப் போல ஒரு மார்க்கர்தான் என்று மண்டைக்குத் தெரியும். கைக்குத் தெரியாது. பழக்கதோஷத்தில் அவன் வலது கைக்கே பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார். நாங்கள் இரண்டு பேருமே தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள். கிளப்பில் என்னைக் கூப்பிட்ட நாளெல்லாம் தன் மரங்களை முடித்துவிட்டு என் பங்கு மரங்களையும் அவரே வெட்டினார். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

ஜப்பான்காரன் வந்ததும் துரைமார் ஓடிப்போனார்கள். துரை பங்களாவில் ஓர் ஆபீசர் குடியேறினான். வந்த முதல் வாரமே, குனிந்து வணக்கம் சொல்ல மறந்த கிராணியை ஆபீஸ் வாசலில் சரளைக்கல்லில் மண்டிபோட வைத்து, கணக்கு எழுதும் கை விரல்களைப் பூட்ஸ் காலால் மிதித்து உடைத்தான். ஸ்டோரில் ஒரு பிடி அரிசி எடுத்தவனின் வாயில் ரப்பர் குழாயைச் செருகி, வயிறு புடைக்கும் வரை தண்ணீர் விட்டு, அதன் மேல் ஏறி நின்றான். அந்த மனுஷன் மூன்றாம் நாள் செத்தான். நாங்கள் எல்லாரும் வரிசையில் நின்று பார்த்தோம். பார்க்கச் சொல்லித்தான் நிறுத்தியிருந்தான்.

பங்களாவில் கிடந்த டென்னிஸ் மட்டையைப் பார்த்துவிட்டு, யாருக்கு ஆடத் தெரியும் என்று கேட்டானாம். எங்களை வேலை வாங்கும் மண்டோர் என்னைக் கை காட்டிவிட்டான்.

முதல் நாள் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். வாகாகக் கொடுத்தேன், அழகாகத் தோற்றேன். அவன் வலையைச் சுற்றி வந்தான். கை குலுக்க வருகிறான் என்று நானும் இளித்துக்கொண்டு நின்றேன். மட்டையின் விளிம்பால் முழங்காலில் ஓர் அடி, குனிந்ததும் முகத்தில் ஓர் அடி. இரண்டு பல் மண்ணில் விழுந்தது. பொய்யாக ஆடி என்னைக் கேவலப்படுத்துகிறாயா என்று அரைகுறை மலாயில் கத்தினான். வெள்ளைக்காரனுக்கு மரியாதையாக இருந்தது இவனுக்கு அவமானம்.

அதற்குப் பிறகு விட்டுக்கொடுத்த பந்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி. நிஜமாகவே ஆடித் தோற்றால் அடிக்க மாட்டான். எனக்கு அந்த வித்தியாசம் பிடிபடாது, அவனுக்குப் பிடிபடும். மொட்டையாய்த் தேய்ந்த பந்தும், மீன்பிடி நரம்பு கட்டிய மட்டையுமாக ஐந்து மாதம் ஆடினோம். இரண்டே தடவை ஜெயித்தேன். அந்த இரண்டு நாளும் என்னை விட்டுவிட்டு வழியில் அகப்பட்டவனை அடித்தான். எனக்கு அவன் மேல் இருந்த வெறியில், ஒரே ஒரு தடவை அவன் கழுத்தை என் மட்டையால் பிளக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டுதான் களத்தில் இறங்குவேன்.

அப்போதுதான் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். போனவன் திரும்புவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கு ஓர் ஆள் என்றார்கள். எங்கள் வீட்டில் இரண்டு ஆண்கள். நான் ஆபீசரோடு ஆடுகிறவன், அதனால் அண்ணன் பெயரை எழுதினார்கள். அவருக்கு இரண்டு குழந்தைகள்.

நான் போய் ஆபீசர் முன்னால் மண்டிபோட்டேன். அண்ணனை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினேன். நாளைக்கு என்னை ஜெயித்துக் காட்டு, அவன் பெயரை அடித்துவிடுகிறேன் என்றான். முதலில் ஆறு ஆட்டம் எடுப்பவன் ஜெயித்தவன்.

மறுநாள் தோட்டமே கம்பிவேலிக்கு வெளியே நின்றது. அண்ணி கைக்குழந்தையோடு முன்னால் நின்றார். என் ஆயுசில் நான் அப்படி ஆடியதில்லை. கால் ஆணி பிய்ந்து ரத்தம் வழுக்கியது, தெரியவில்லை. ஐந்துக்கு ஐந்து. கடைசி ஆட்டத்தில் இன்னும் ஒரே ஒரு புள்ளி எனக்கு வந்தால் போதும். நான் அடித்த அடியில் அவன் தடுமாறி வலது ஓரத்துக்குப் போய்விட்டான். பந்து மெதுவாக எழும்பி என் முன்னால் வந்தது. இடது பக்கம் முழுக்கக் காலி. குழந்தைகூட அங்கே போட்டுவிடும்.

என் கை அதை அவன் வலது கைக்குக் கொடுத்தது.

வாகாக, அழகாக, பன்னிரண்டு வருஷம் கொடுத்த மாதிரி. அவன் அறைந்த அறையில் பந்து என்னைத் தாண்டிப் போனது. அதற்கப்புறம் எனக்குக் கை கால் ஓடவில்லை. மீதிப் பந்துகளையும் விட்டேன்.

வலையைத் தாண்டி அவன் வந்தபோது அடிக்குத் தயாராகக் கண்ணை மூடினேன். அவன் குனிந்து எனக்கு வணக்கம் சொன்னான். உண்மையாக ஆடினாய் என்றான். அன்றைக்கு என்னை அடிக்கவே இல்லை.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் லாரி நின்றது. அண்ணன் ஏறி உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்து, விடுடா என்பது போலக் கையை அசைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பொய்யாட்டம் செல்லாது என்பதுதானே இவன் சட்டம். ஓடிப்போய் அவன் முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மலாயில் கத்தினேன்.

"துவான், நேத்து அந்தப் பந்த வேணும்னேதான் குடுத்தேன். அந்த ஆட்டம் பொய். மறுபடி ஆடணும்."

மட்டையை எடுத்துவரச் சொன்னான். முதல் அடி இடது காதில் விழுந்தது. மட்டை இரண்டாக முறியும் வரை அடித்தான், பிறகு முறிந்த பிடியால் அடித்தான். லாரி கிளம்பிய சத்தத்தை வலது காதால்தான் கேட்டேன். இடது காது அன்றோடு போயிற்று. அண்ணன் திரும்பி வரவில்லை.

அண்ணி அதற்குப் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். எனக்குச் சோறு போட்டார், காய்ச்சலில் பார்த்துக்கொண்டார். அது கை செய்த தப்பு, நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

"நீயே எல்லார் முன்னாலயும் சொன்னியே தம்பி," என்பார். "அவரும் லாரியில இருந்து கேட்டுக்கிட்டுத்தானே போனாரு."

கோபமாகக்கூடச் சொல்ல மாட்டார்.